எதிர்வீட்டுச் சாவி

காலை பத்தரை மணிக்கு எங்கள் கதவைத் தட்டியவள் காலுறையோடு நின்றிருந்தாள். செருப்பு இல்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். அது பிப்ரவரி மாதம். ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் ரயில் நிலையத்துக்கு அருகே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் நாங்கள் குடியிருந்தோம். என் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல். டேகேரில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அன்று நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மன்னிச்சுக்குங்க. நீங்க பாப்பாகூடத் தமிழ்ல பேசறது எங்க வீட்டுக்குக் கேக்குமுங்க. குப்பை போடப் போனேன், கதவு சாத்திக்கிச்சு. அடுப்புல பருப்பு இருக்குதுங்க்கா."

நம் ஊரில் கதவை நாம்தான் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்போம், பாதித் தெரு போனபின் சந்தேகம் வந்து திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்போம். இங்கே பல கட்டடங்களில் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். கை விட்டால் போதும், பின்னால் 'டக்' என்ற சத்தம் கேட்கும். அமெரிக்கா வந்த முதல் மாதமே நானும் அப்படி வெளியே நின்றிருக்கிறேன். அதற்குப் பிறகு வீட்டைவிட்டு இறங்கும்போதெல்லாம் 'சாவி, ஃபோன், ஐடி கார்டு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பையைத் தடவிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. அதனால் அவளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்மா, உள்ள வா" என்றேன். வீட்டுக்காரருக்கு ஃபோன் செய்து சாவியுடன் வரச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேண்டாங்க்கா, அவருக்கு ஆபீஸ் மன்ஹாட்டன்ல இருக்குது."

"உன் சாவி உள்ள மாட்டிக்கிச்சா?"

"என்கிட்டச் சாவி இல்லீங்க்கா. அவருகிட்டதான் இருக்குது."

"ரெண்டு சாவி குடுத்திருப்பாங்களே?"

"ரெண்டும் அவருகிட்டதானுங்க."

அடுப்பில் இருந்த பருப்புதான் அப்போது என் மனதில் இருந்தது. அந்தப் பதிலை நான் கவனிக்கவில்லை. கட்டடத்தைப் பராமரிக்கும் ஆளை அழைத்தேன். அவர் ஒரு பெரிய சாவி வளையத்தோடு வந்து திறந்துவிட்டார். வீடெல்லாம் தீய்ந்த நெடி. அவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்து வீட்டு எண்ணையும் நேரத்தையும் எழுதினார். அவள் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது அவருக்குத் தெரியவருங்களா அக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு ஆபீஸிலிருந்து ஒரு மெயில் போகும் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் தீய்ந்த பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தாள்.

ஒரு வாரம் கழித்து, வீட்டில் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "ஒண்ணும் சொல்லலீங்க்கா. இனிமேல் குப்பைய நான் போட்டுக்கறேன், நீ வெளிய போகவேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றாள். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். அன்று இரவு என் கணவரிடம் அதைச் சொல்லிக் குத்திக்காட்டவும் செய்தேன்.

அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஒரு மேல்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். திருமணமாகி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கணவர் ஒரு வங்கிக்காக வேலை செய்யும் ஐ.டி. கான்ட்ராக்டர். எங்களைப் போலத்தான். அவளுடைய விசாவில் வேலைக்குப் போக முடியாது. நான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்வேன். அந்த நாட்களில் மதியம் அரைமணி நேரம் வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்வாள். வரும்போது தன் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு ரப்பர் செருப்பைச் செருகிவிட்டு வருவாள். பேசிக்கொண்டே இருக்கும்போது காரிடாரில் யாராவது நடக்கும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் அந்தச் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

ஒருநாள் பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் போனது. "லேப் சாவி, ஸ்டோர் ரூம் சாவி, ஆசிட் வெச்சிருக்கிற அலமாரி சாவி எல்லாம் என்கிட்டதானுங்க்கா இருக்கும். எச்.எம்.மே என்கிட்டக் கேட்டுத்தான் வாங்கோணும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலே வேறாக இருந்தது. அவள் வீட்டுக் கதவில் இருந்த செருப்பை நான் அப்போதுதான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஏழு மாதமாக அவள் தனியாகத் தெருவில் இறங்கியதே இல்லை. இறங்கினால் திரும்ப வீட்டுக்குள் வர வழியில்லை. அவ்வளவு எளிமையான விஷயம். பூட்டி வைக்கவில்லை, உள்ளிருந்து எப்போது வேண்டுமானாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகலாம். திரும்பி வரத்தான் முடியாது.

"நீ கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டனுங்க. உனக்கு ஊர் தெரியாது, தொலைஞ்சு போயிடுவேன்னு சொல்றாரு. சனிக்கிழமை கூட்டிட்டுத்தான் போறாரு. அடிக்கறது, திட்டறது எல்லாம் கிடையாதுங்க்கா. ரொம்ப நல்லவரு."

அடித்திருந்தால் அதைச் சொல்ல ஒரு வார்த்தை இருந்திருக்கும். போலீஸ் கேட்டால், உதவி மையத்தில் கேட்டால், ஊரில் அவள் அப்பா கேட்டால் சொல்வதற்கு ஒரு வார்த்தை. சாவி தரவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கீழ்த்தளத்தில் இருந்த வாடகை அலுவலகத்துக்கு அவளை அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் கனிவாகத்தான் பேசினாள். மனைவிக்குத் தாராளமாக இன்னொரு சாவி தரலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒரு வரி மெயில் அனுப்பினால் போதும் என்றாள். நாங்கள் நன்றி சொல்லிவிட்டு மேலே வந்தோம். லிஃப்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம கேட்டோம்னு சொல்லிடுவாங்களா அக்கா?" என்று மூன்று முறை கேட்டாள்.

நகல் எடுப்பது என்று முடிவு செய்தது நான்தான். அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவார். சாவிக்கொத்து அவருடைய பேன்ட் பையில் இருக்கும். ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில், கதவில் செருப்பைச் செருகிவிட்டு வந்து கொத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றி என் கையில் வைத்தாள். சாவி வியர்வையில் நனைந்திருந்தது. பால் வாங்கி வருவதாக என் கணவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளி ஒரு ஹார்டுவேர் கடை. முன்னால் ஒருவர் பெயின்ட் கலக்கச் சொல்லிக் காத்திருந்தார். அவருக்கு நீலத்தில் எந்த நீலம் வேண்டும் என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் யார் மீதும் அவ்வளவு கோபம் வந்ததில்லை. கடைக்காரர் கடைசியில் சாவியை வாங்கி இயந்திரத்தில் மாட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிறீச்சென்ற சத்தம், தங்கநிறத் தூள், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது அவள் தன் வீட்டு வாசலில் கையை நீட்டியபடி நின்றிருந்தாள். நான் பால் வாங்க மறந்திருந்தேன்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் புதுச் சாவியைப் போட்டுப் பார்த்தோம். முதலில் திரும்பவில்லை. இரண்டாவது முறை லேசாகத் தூக்கித் திருப்பினாள், திறந்தது. மூடினாள், திறந்தாள். மூடினாள், திறந்தாள். அப்படி எத்தனை முறை செய்தாள் என்று தெரியவில்லை. நான் என் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாவியைச் சானிட்டரி நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்துவைத்தாள். "அங்க மட்டுந்தானுங்க்கா அவரு கை வெக்க மாட்டாரு."

அந்த வருடத்தின் கோடையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு ஒரு கணம் எளிதாகிறது. முதல் வாரம் கட்டடத்தைச் சுற்றி நடந்தாள். அடுத்து ஜர்னல் ஸ்கொயர். பிறகு இந்தியக் கடைகள் இருக்கும் தெரு. பிறகு அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து நியூபோர்ட்டில் ஆற்றங்கரை. எந்தத் தெரு எங்கே முடிகிறது, எந்த மூலையில் சிக்னல் சீக்கிரம் மாறும், எந்தப் பேக்கரிக்காரி காலையில் சிரிப்பாள் என்பதெல்லாம் ஐந்து வருடம் அங்கே இருந்த எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரிந்தது. என் மகளின் டேகேருக்கு ஒரு குறுக்குவழி இருப்பதை எனக்குக் காட்டியவளே அவள்தான். நூலகத்தில் அட்டை வாங்கினாள். அந்த அட்டை என் வீட்டில்தான் இருக்கும். இங்கே பள்ளி ஆசிரியை ஆக என்னென்ன தேர்வு எழுத வேண்டும் என்று அங்கே உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். விசா மாறினால் எழுதுவேன் என்றாள். மாலை நான்கு மணிக்குள் வீட்டில் இருப்பாள். குக்கரில் சாதம் வைத்துவிடுவாள்.

டிசம்பரில் முதல் பனி விழுந்தது. இங்கே பனி உறையாமலிருக்க நடைபாதையில் உப்பைக் கொட்டிவைப்பார்கள். அன்றும் நூலகத்துக்குப் போய்விட்டு வந்தாள். ஷூவின் அடிப்பாகத்தைத் துடைத்து, வழக்கமான இடத்தில் வைத்திருக்கிறாள். ஈரம் காய்ந்தபின் ஷூவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இரவு வந்தவர் தன் ஷூவைக் கழற்றும்போது பார்த்திருக்கிறார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அழைப்புமணி அடித்தது. திறந்தேன். அவர் குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே அந்தச் சாவி.

"குட் மார்னிங் சிஸ்டர். இது உங்களோடதுன்னு நினைக்கிறேன். தவறி எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. சிரித்த முகம். அவர் தோளுக்குப் பின்னால், எதிர்வீட்டுக் கதவு முழுதாகத் திறந்திருந்தது. அவள் உள்ளே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். என் பின்னால் என் கணவர் காபிக் கோப்பையோடு வந்து நின்றார்.

இது அவளுடைய சாவி என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. அந்த மூன்று சொற்களை அதற்குப்பின் நான் எத்தனையோ இடங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ரயிலில், குளிக்கும்போது, மீட்டிங் நடுவில். அன்று நான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டேன். "சாரி" என்றேன். அதோடு நிற்கவில்லை, "தேங்க்ஸ்" என்றும் சொன்னேன். அவர் "நோ ப்ராப்ளம் சிஸ்டர், பாப்பா எப்படி இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"வேணாம், விட்டுடு" என்றார் என் கணவர். "அவங்க குடும்ப விஷயம். நம்ம விசா எக்ஸ்டென்ஷன் வேற பெண்டிங்ல இருக்கு. நாளைக்கு அவன் உன்மேலயே கம்ப்ளெய்ன்ட் பண்ணினா?" அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சொல்வதற்கு முன்பே நான் விட்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் கணவர் வேலைக்குப் போனபின் எதிர்க்கதவைத் தட்டினேன். உள்ளே அவள் வந்து நின்றது தெரிந்தது. திறக்கவில்லை. உள்ளிருந்து திறக்க அவளுக்குச் சாவி தேவையில்லை.

"அக்கா, நீங்க போயிருங்க. பக்கத்து வீட்ல பேச்சு வேண்டாம்னு சொல்லியிருக்காரு."

"உதவி பண்றதுக்கு ஆளுங்க இருக்காங்கம்மா. தமிழ்லயே பேசலாம். நம்பர் எழுதிக் கதவுக்கடியில தள்ளட்டுமா?"

"வேண்டாங்க்கா. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்க. அப்பா தாங்க மாட்டாரு." பிறகு சொன்னாள், "உப்பு காஞ்சாத்தானுங்க்கா வெளிய தெரியும். கெமிஸ்ட்ரி படிச்சவ, எனக்கே அது தோணலை பாருங்க." அவள் சிரித்தது போலிருந்தது. கதவு நடுவில் இருந்ததால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

இருந்தும் அந்த எண்ணை எழுதித் தள்ளினேன். மாலையில் அந்தத் தாள் எங்கள் கதவுக்கடியில் திரும்பி வந்திருந்தது. தள்ளியது அவளா, அவரா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கோடையில் அவள் கர்ப்பமாக இருப்பதை லிஃப்டில் பார்த்தேன். அவர் பக்கத்தில் நின்றார். இருவரும் எனக்குப் புன்னகைத்தார்கள். செப்டம்பரில் டெக்சாஸுக்கு வேலை மாற்றலாகிப் போய்விட்டார்கள். போன மறுநாளே ஆள் வந்து அந்தக் கதவின் பூட்டை மாற்றினான். என் மேசை இழுப்பறையில் இருந்த சாவி அத்துடன் எதையும் திறக்காத ஒரு சாவி ஆனது.

எட்டு வருடம் கழித்து, சென்ற அக்டோபரில், அலுவலக வேலையாக டல்லாஸ் போனேன். பொதுவான நண்பர் ஒருவர் மூலம் அவள் முகவரி கிடைத்தது. அவரிடமே அவள் கணவரின் எண்ணை வாங்கி, மெசேஜ் அனுப்பி, வரலாமா என்று கேட்டேன். 'வாங்க சிஸ்டர், மோஸ்ட் வெல்கம்' என்று பதில் வந்தது. புறநகரில் புது வீடுகள் வரிசையாக இருக்கும் ஒரு தெரு. கார் இல்லாமல் ஒரு கடைக்கும் போக முடியாத இடம். கதவில் சாவித் துவாரமே இல்லை. எண்களைத் தொட்டுத் திறக்கும் பூட்டு, மேலே ஒரு சிறிய கேமரா.

அவள் பருத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கிரீன் கார்டு வந்துவிட்டது என்றாள். கதவைக் காட்டி, "கோட் எனக்கும் தெரியுமுங்க்கா" என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் ஃபோன் ஒலித்தது. 'கதவு ஏன் இன்னும் திறந்திருக்கு' என்று அவரிடமிருந்து வந்திருந்த மெசேஜை அவள் இயல்பாக எனக்கும் காட்டிவிட்டு, கதவைச் சாத்தினாள்.

டிரைவிங் கற்றுக்கொண்டாயா என்று கேட்டேன். அவரே கூட்டிப்போகிறார் என்றாள். கிரீன் கார்டு வந்துவிட்டதே, ஆசிரியை தேர்வு எழுதலாமே என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க்கா இனிமே" என்று சொல்லிவிட்டு ஆப்பிள் நறுக்க ஆரம்பித்தாள். அவளுடைய மகளுக்கு ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் இல்லை. நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு நன்றாகப் புரிந்தது, பதில் மட்டும் ஆங்கிலத்தில். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள், ஜெர்சியில் அம்மாவுக்குச் சாவி கொடுத்த ஆன்டி நீங்கள்தானா என்று. ஆமாம் என்றேன். அந்தக் கதை தனக்குத் தெரியும் என்றாள். அப்பா சொல்லியிருக்கிறாராம். அந்தச் சாவியால் அம்மா பனியில் வெளியே போய்த் தொலைந்துபோய்விட்டாளாம். ஒருவரிடமும் வழி கேட்கத் தெரியாமல் அழுதுகொண்டு நின்றாளாம். அப்பாதான் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாராம்.

நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். குழந்தைக்காக ஒத்துக்கொள்கிறாளா என்று கண்ணைத் தேடினேன். ஒரு ஜாடை, ஒரு இமையசைவு போதும் எனக்கு. அவள் ஆப்பிள் துண்டுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே, "ஆமாங்க்கா. அன்னிக்கு அவரு மட்டும் வரலீனா என் கதி என்ன ஆயிருக்கும்" என்றாள். அவள் குரலில் நன்றி இருந்தது. உண்மையான நன்றி.

அப்படி எதுவும் நடக்கவில்லை, உன் அம்மா ஒருநாள்கூட வழி தவறியதில்லை, அந்த ஊரில் எனக்கே வழி காட்டியவள் அவள்தான் என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு எங்கள் வாசலில் நின்ற அந்தச் சனிக்கிழமையைப் போலவே, இப்போதும் கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டேன்.

விடைபெறும்போது அவள் நிலைப்படி வரை வந்தாள். நான் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினேன். தெரு நேராகப் போய் ஃப்ரீவேயில் சேர்கிறது, நடுவில் ஒரே ஒரு திருப்பம்தான். அவள் முகத்தில் கவலை வந்திருந்தது.

"அக்கா, தனியாப் போறீங்களே, உங்களுக்குத் திரும்பிப் போக வழி தெரியுமுங்களா?"

"தெரியும்மா" என்றேன்.